பயாலஜி மிஸ்ஸின் மொய் நோட்டு

அவளுக்கு எதையாவது கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. ஒரு கிண்ணம் சாம்பார் கொடுத்தால் மறுநாள் அதே கிண்ணம் பளபளவென்று கழுவி, உள்ளே நாலு பணியாரத்தோடு திரும்பி வரும். பஸ்ஸில் அவளுக்கும் சேர்த்து நான் டிக்கெட் எடுத்துவிட்டால், திரும்பி வரும்போது இரண்டு டிக்கெட்டையும் அவளே எடுத்து, இறங்கிய இடத்தில் ஒரு டீயும் வாங்கித் தருவாள். தலைவலிக்கு ஒரு மாத்திரை கொடுத்ததற்கு முழு அட்டையை வாங்கி வந்து என் தலையணைப் பக்கம் வைத்தவள் அவள். "தாயே, எனக்குத் தலைவலியே நீங்கதான்" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். சிரித்தாள். அட்டையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

அறந்தாங்கியில் ஒரு தனியார் பள்ளியில் நான் பிசிக்ஸ் எடுத்தேன். இப்போதும் அதே பள்ளிதான், அதே பிசிக்ஸ்தான். அவள் பயாலஜி. ஒரு மாவு மில்லுக்கு மேலே இருந்த ஒற்றை அறையை இரண்டு பேரும் சேர்ந்து வாடகைக்கு எடுத்து நாலு வருடம் குடியிருந்தோம். காலை எட்டு மணிக்கு மில் ஓட ஆரம்பித்தால் தரை அதிரும், குடத்து மூடிமேல் வைத்த டம்ளர் தானாக நகர்ந்து கீழே விழும். மிளகாய் அரைக்கிற நாளில் இருவரும் தும்மிக்கொண்டே சேலை கட்டுவோம். பள்ளியில் மட்டுமல்ல, அந்த அறைக்குள்ளேயும் நாங்கள் மிஸ்தான். "மிஸ், குளிச்சாச்சா?" "இந்தா வாரேன் மிஸ்." நாலு வருடமும் இப்படியே போயிற்று. அவள் பெயர் எனக்குத் தெரியாமல் இல்லை. அன்றைக்குச் சொல்லிக் கூப்பிடாத பெயரை இன்றைக்கு எழுத மட்டும் எடுப்பது சரியாகப் படவில்லை.

அவளிடம் சொந்தமென்று சொல்ல இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, திருச்சியில் மூடப்போகிற ஏதோ ஒரு லேபில் முதல் சம்பளத்தைக் கொடுத்து வாங்கிய பழைய மைக்ராஸ்கோப். இன்னொன்று, நீள வாக்கில் தைத்த ஒரு கணக்கு நோட்டு. மைக்ராஸ்கோப்பை எல்லாருக்கும் காட்டுவாள். நோட்டை எனக்கு மட்டும் ஒரு தடவை காட்டினாள்.

நான் அன்னவாசல் பக்கம். எங்கள் ஊரில் மொய் என்றால் கல்யாணத்தில் உறைக்குள் நூறோ இருநூறோ போட்டுக் கொடுப்பது, அத்தோடு சரி. ஆலங்குடி, அறந்தாங்கிப் பக்கத்துக் கதை வேறு. ஆடி பிறந்துவிட்டால் ஊருக்கு ஊர் மொய் விருந்துதான். வீட்டில் கல்யாணமோ காதுகுத்தோ இருக்க வேண்டியதில்லை. பணம் வேண்டியவர் பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, ஆட்டுக்கறியோடு சோறு போடுவார். சாப்பிட்டு வந்தவர்கள் கை கழுவிவிட்டு, நோட்டில் பெயர் எழுதிப் பணம் வைப்பார்கள். பிறகு அவர்கள் ஒவ்வொருவரும் விருந்து வைக்கும்போது இவர் போய் அந்தப் பணத்தைத் திருப்பி வைக்க வேண்டும். பத்திரம் இல்லை, கையெழுத்து இல்லை, நோட்டுதான் எல்லாம்.

அவளுடைய அப்பா பூ விவசாயி. கொஞ்சம் தென்னையும் இருந்தது. இவள் ப்ளஸ் டூ முடித்த வருடம் மொய் விருந்து வைத்தார். ஊரில் போர் போட, வீடு கட்ட, வெளிநாடு போக விருந்து வைத்திருக்கிறார்கள். பெண் காலேஜுக்குப் போகிறாள் என்று வைத்தது அவர் ஒருவர்தான். "என் படிப்புக்கு ஆட்டுக்கறி போட்டாரு மிஸ் எங்கப்பா" என்று சொல்லும்போது அவள் முகத்தில் பெருமையும் வெட்கமும் சேர்ந்தே வரும். அந்தப் பணத்தில் திருச்சியில் விலங்கியல் படித்தாள், மேலே இரண்டு வருடம் படித்தாள், பி.எட். முடித்தாள். பிறகு ஒரு புயலில் தென்னை முழுவதும் சாய்ந்தது. அடுத்த வருடமே அப்பா போய்விட்டார். மகன் இருந்தால் நோட்டு மகன் கைக்குப் போகும். இவள் ஒரே பிள்ளை. இருநூற்றுச் சொச்சம் பெயர்களோடு நோட்டு இவள் கைக்கு வந்தது.

தாய்மாமா ஒருவர் அவ்வப்போது பள்ளிக்கே வந்து விடுவார். வேப்பமரத்தடியில் அவளை நிற்க வைத்துப் பேசுவதை நான் ஸ்டாஃப் ரூம் ஜன்னலில் இருந்து பார்த்திருக்கிறேன். "நெலத்தை வித்து நோட்டை முடிச்சுட்டு ஒரு கல்யாணத்தைப் பண்ணு ஆத்தா. நீ வாங்கற சம்பளத்துல இது என்னைக்கு அடையும்? நர்ஸுக்குப் படிச்சிருந்தாலும் இந்நேரம் ஃபாரின் போயிருக்கலாம். புழுவையும் பூச்சியையும் படிச்சிட்டு வந்து நிக்கிற." அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வாள். அவர் போன பிறகு என்னிடம் வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்வாள்.

"இந்தப் படிப்பு வாங்குன காசை இந்தப் படிப்பே கட்டணும் மிஸ். நெலத்தை வித்துக் கட்டுனா, எங்கப்பா தப்பாச் செலவு பண்ணிட்டாருன்னு ஆயிரும்."

அவளுக்கு இருந்த வைராக்கியம் அது ஒன்றுதான். எங்களுக்கு மாதம் பதினாலாயிரம். அதில் வாடகை, சாப்பாடு, ஊரில் இருக்கும் அம்மாவுக்கு மூவாயிரம். மிச்சத்தை ஆடிக்கு ஒதுக்கி வைப்பாள். ஒதுக்குவதிலும் ஒரு வேடிக்கை உண்டு. எந்தப் பாடம் நடத்திய மாதச் சம்பளம் யாருக்குப் போகிறது என்று சொல்லிக்கொண்டே எண்ணுவாள். "செரிமான மண்டலம் பூராவும் வடக்குத் தெரு மாமாவுக்கே போச்சு மிஸ்." "ரத்த ஓட்டம் எங்க சின்னத்தாவுக்கு." "செல் பிரிதல் நடத்துனதுக்கு இந்தத் தடவை ஒண்ணுமே மிஞ்சல." நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். சிரித்து முடித்த பிறகு ஒரு மாதிரி ஆகிவிடும். எனக்குப் பாடம் பாடமாகத்தான் தெரியும், அவளுக்கு ஒவ்வொரு பாடத்துக்குப் பின்னாலும் ஒரு முகம் உட்கார்ந்திருந்தது.

ஆடி ஞாயிற்றுக்கிழமைகளில் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிடுவாள். ஒரே நாளில் மூன்று விருந்துகூட இருக்கும். நோட்டில் ஆயிரம் என்றிருந்தால் ஆயிரத்து ஐந்நூறு வைப்பாள், இரண்டாயிரம் என்றிருந்தால் மூவாயிரம். கூடுதலாக வைப்பதை வட்டி மாதிரி ஏதோ ஒன்று என்று நான் நினைத்துக்கொண்டேன், கேட்கவில்லை. "நீங்களும் ஒரு தடவை வாங்க மிஸ், கறி நல்லாருக்கும்" என்று ஒவ்வொரு வருடமும் கூப்பிடுவாள். "வாரத்துல ஒரு நாள் தூங்கக்கூட விட மாட்டீங்களா" என்று திரும்பிப் படுத்துக்கொள்வேன். நாலு ஆடியும் அவள் தனியாகத்தான் போனாள்.

ஒரு ஞாயிறு மத்தியானம் சீக்கிரமே திரும்பிவிட்டாள். கட்டிலில் உட்கார்ந்தவள் சேலைகூட மாற்றவில்லை.

"இன்னிக்கு ஒரு வீட்டுல சரியாக் குடுத்துட்டேன் மிஸ்."

"யார் வீட்ல?"

"எங்கப்பா கருமாதியன்னிக்கு, பொட்டப் புள்ளையப் படிக்க வெக்கிறேன்னு மொய்யைக் கரைச்சிட்டான்னு ஒருத்தர் சொன்னாரு. அவரு வீட்ல. ரெண்டாயிரம் வெச்சிருந்தாரு. ரெண்டாயிரம் வெச்சிட்டு வந்துட்டேன்."

"நல்லதுதானே மிஸ்" என்றேன். "ஒரு தலை கொறைஞ்சிச்சு."

"ஆமா. கொறைஞ்சிருச்சு" என்றாள். அன்றைக்கு அவள் சாப்பிடவே இல்லை. காலியான சோற்றுப் பானையை வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையில் பணம் பற்றாக்குறை போலிருக்கிறது, அதுதான் மூவாயிரம் வைக்க முடியவில்லை என்று நினைத்தேன். என் புத்திக்கு அவ்வளவுதான் எட்டியது.

மில் ஓடாத ஞாயிறுகளில், ஆடி இல்லாத மாதங்களில், மைக்ராஸ்கோப்பை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவோம். மற்ற நாளில் தரை அதிர்வதால் ஒன்றையும் பார்க்க முடியாது. அதன் அடியில் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். அதைத் திருப்பித் திருப்பி வெயிலைப் பிடிப்பாள். வீட்டுக்காரரின் தண்ணீர் டேங்கில் இருந்து ஒரு சொட்டை எடுத்து வைத்து என்னைப் பார்க்கச் சொன்னாள். உள்ளே செருப்பு மாதிரி ஒன்று விறுவிறுவென்று ஓடியது. "அடக் கடவுளே, இதையா நாம குடிக்கிறோம்?" என்று நான் பதறியதும் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

பிறகு அவளே கண்ணை வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். "ஒத்தச் செல்லு மிஸ். அம்மா இல்ல, அப்பா இல்ல, சாதிசனம் இல்ல. யாருக்கும் எதுவும் வெக்க வேண்டியதில்ல. அதுபாட்டுக்கு நீந்துது."

"பாவம்" என்றேன்.

"பாவமா, இல்ல குடுத்து வெச்சதான்னு எனக்கும் தெரியல மிஸ்" என்றாள், கண்ணை எடுக்காமலே.

அவள் வகுப்பை நான் வராந்தாவில் நின்று கேட்டிருக்கிறேன். நண்டு வாங்கி வந்து மேசையில் வைத்து அறுத்துக் காட்டுவாள். பிள்ளைகள் நாற்றம் என்று மூக்கைப் பிடிப்பார்கள், கொஞ்ச நேரத்தில் ஒருவர்மேல் ஒருவர் ஏறி எட்டிப் பார்ப்பார்கள். அப்படி ஒரு நண்டைப் பார்த்த பெண்ணொருத்தி ப்ளஸ் டூ முடிவில் தன் அத்தாவை அழைத்துக்கொண்டு வந்தாள். மணமேல்குடிக்காரர், சவுதியில் வேலை, விடுப்பில் வந்திருந்தார். கையில் ஒரு காலேஜ் புத்தகம், வழவழவென்ற தாளில்.

"டீச்சர், எம்மக பயாலஜிதான் படிப்பேங்கறா. மெட்ராஸ்ல இந்தக் காலேஜ்ல எடம் இருக்காம். பேங்குல லோன் போட்டுத் தாரோம்ங்கறாங்க. எனக்கு இதெல்லாம் தெரியாது. நீங்க அதே படிப்பு படிச்சவங்க. போட்ட காசு திரும்புமா, சொல்லுங்க."

பள்ளியில் எங்களுக்கு உத்தரவு இருந்தது. பயாலஜி குரூப்புக்கு ஆள் சேர வேண்டும், அதனால் கேட்கிறவர்களிடம் டாக்டர், ஆராய்ச்சி, அமெரிக்கா என்று நாலு வார்த்தை நல்லதாகச் சொல்ல வேண்டும். அவள் ஒரு விடைத்தாளைத் திருப்பிப் போட்டுப் பேனாவை எடுத்தாள்.

"ஒக்காருங்க பாய். மூணு வருசம் டிகிரி. அதோட நிறுத்துனா ஏதாவது லேப்ல குழாய் கழுவுற வேலை கெடைக்கும். மேல ரெண்டு வருசம், பி.எட். ரெண்டு வருசம். ஏழு வருசம் கழிச்சு இந்தா, எம் பக்கத்து சேர்ல வந்து ஒக்காரும். எனக்கு மாசம் பதினாலாயிரம்."

தன் காதில் சரியாக விழவில்லை என்று அவர் நினைத்தார் போல. "பதினாலா?"

"மே மாசம் அதுவும் கெடையாது. லோனுக்கு வட்டி, பிள்ளை படிக்கிறப்பவே ஓட ஆரம்பிச்சிரும். அது லீவே எடுக்காது. மாசத் தவணை ஒம்பதாயிரம்னு வைங்க. மிச்சம் அஞ்சாயிரம். அதுல வாடகை, சோறு, பஸ்ஸு. கல்யாணம்னு வந்தா மாப்பிள்ளை வீட்ல மொதக் கேள்வி, இந்த லோனை யாரு கட்டறதுன்னுதான்." எல்லாவற்றையும் தாளில் எழுதி, கூட்டிக் கழித்து, அடியில் இரண்டு கோடு போட்டு அவர் பக்கம் தள்ளினாள்.

"அப்ப வேணாங்கறீங்களா டீச்சர்?"

"கணக்கு வேணாங்குது" என்றாள்.

அந்தப் பெண்ணுக்குக் கண் நிறைந்துவிட்டது. இவள் அதைக் கவனித்துவிட்டாள். "ஒனக்கு எதுக்கும்மா பயாலஜி?"

"நீங்க நண்டை அறுத்துக் காமிச்சப்ப அதோட செவுளு அடுக்கடுக்கா இருந்துச்சுல்ல மிஸ். எங்க வீட்ல வாரம் தவறாம நண்டு வாங்குவோம். அதுவரைக்கும் அதைக் கறின்னு மட்டுந்தான் நெனச்சேன்."

இவள் கணக்குப் போட்ட தாளைத் திரும்ப வாங்கி நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"பாய், படிக்கட்டும். ஆனா கடன் வாங்காமப் படிக்கட்டும். புதுக்கோட்டையில கவர்மெண்ட் காலேஜ் இருக்கு, ஃபீஸ் கொஞ்சந்தான், அங்க போடுங்க. நான் புஸ்தகத்தைத் தொறந்தா எதுத்தாப்ல எரநூறு பேரு ஒக்காந்திருக்காங்க. இந்தப் பிள்ளைக்கு நண்டு மட்டும் தெரியட்டும்."

விஷயம் மறுநாளே கரஸ்பாண்டன்ட் காதுக்குப் போய்விட்டது. "ஆளைச் சேக்கச் சொன்னா ஆளை வெரட்டுறீங்களா?" என்று பிடி பிடியென்று பிடித்தார். அவள் நின்று கேட்டுக்கொண்டு வந்தாள். அந்த வாரமே அந்தப் பாய் வீட்டில் இருந்து இரண்டு கிலோ நண்டு வந்தது. இவள் அந்தப் பெண்ணுக்கு ஒரு பூதக்கண்ணாடியும் இரண்டு புத்தகமும் அனுப்பினாள். பெருநாளுக்கு அங்கிருந்து பிரியாணி வந்தது. பொங்கலுக்கு இங்கிருந்து ஒரு தார் வாழைப்பழம் போயிற்று. எனக்குப் பொறுக்கவில்லை.

"இது எங்க போய் மிஸ் முடியப் போகுது?"

"ஏன் மிஸ் முடியணும்?" என்றாள். கேள்வி கேட்பதுபோலத்தான் என்னைப் பார்த்தாள். நான் சலித்துக்கொண்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டேன்.

மூன்றாவது வருடம் ஆனி மாதக் கடைசியில் என் அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எங்கே புரட்டியும் பதினெட்டாயிரம் குறைந்தது. அவளிடம் நான் கேட்கவில்லை, அவளிடம் இருப்பது என்ன பணம் என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் அவளே கொண்டு வந்து என் மடியில் வைத்தாள். ஆடிக்கு ஒதுக்கியது.

"வேணாம் மிஸ். ஒங்க நோட்டு?"

"ஆடி அடுத்த வருசமும் வரும் மிஸ். இதைப் பிடிங்க."

அந்த வருடம் ஏழெட்டு வீட்டு விருந்துக்கு அவளால் போக முடியவில்லை. தெரிந்தவர்கள் போன் செய்து கேட்டார்கள், ஒருவர் பஸ் ஸ்டாண்டில் வைத்தே கேட்டார். அடுத்த வருடம் ஆகட்டுங்க என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். சாயங்காலங்களில் மூன்று வீட்டுக்கு டியூஷன் போக ஆரம்பித்தாள். என்னிடம் அந்தப் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

நாலாவது வருடம் முடிகிறபோது அவள் கணக்கைத் தானே போட்டுப் பார்த்துவிட்டாள். இந்தச் சம்பளத்தில் நோட்டு முடிய இன்னும் பதினொரு வருடம் ஆகும். சென்னையில் மெடிக்கல் கோடிங் வேலைக்கு எழுதிப் போட்டாள், கிடைத்துவிட்டது. ஆரம்பமே இருபத்திரண்டாயிரம்.

"என்ன வேலை மிஸ் அது?"

"ஆஸ்பத்திரிச் சீட்டுல இருக்கற நோவுக்கெல்லாம் நம்பர் போடற வேலை. அமெரிக்காக்காரனோட நோவு."

"அது எப்படி பயாலஜி ஆகும்?"

"பித்தப்பை எங்கிட்டு இருக்குன்னு தெரிஞ்சவந்தான் அதுக்கு நம்பர் போட முடியும். அப்ப பயாலஜிதான்" என்றாள், எனக்குச் சொல்வதைவிடத் தனக்கே சொல்லிக்கொள்வதைப்போல.

கிளம்பிய நாள் ஒரு சனிக்கிழமை. மாலை ஐந்து மணிக்கு பஸ். காலையிலேயே மைக்ராஸ்கோப்பைத் துடைத்து, மரப்பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியை என் கட்டில் ஓரமாகக் கொண்டு வந்து வைத்திருந்தாள். "டேங்குத் தண்ணிய அப்பப்பப் பாத்துக்கங்க மிஸ், நம்மாளுக எப்படி இருக்காங்கன்னு" என்றாள். எனக்குப் புரிந்தது. வாய் திறந்து நன்றி சொன்னால் அழுதுவிடுவேன் போலிருந்தது.

என் பக்கம் நானும் ஒன்று வைத்திருந்தேன். அவளுக்காகவே ஒரு சீட்டைத் தள்ளி எடுத்து, பதினெட்டாயிரத்தை எண்ணி ஓர் உறையில் போட்டிருந்தேன். எனக்கு அன்றைக்கு அவ்வளவு பெருமை. யாரிடமும் எதையும் பாக்கி வைக்காத ஒருத்தியிடம், நானும் பாக்கி வைக்காதவள்தான் என்று காட்டப் போகிறேன்.

"எண்ணிப் பாருங்க மிஸ். ஒரு ரூபா கொறையாது, ஒரு ரூபா கூடவும் இருக்காது."

அவள் எண்ணினாள். இரண்டாம் தடவை எண்ணினாள். உறையை விரித்து உள்ளே பார்த்தாள். கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது.

"சரியா இருக்கு மிஸ்."

அவ்வளவுதான். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். வந்தவள் என் கட்டில் ஓரத்தில் இருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். "வெயிட்டு இல்ல, நானே கொண்டு போயிர்றேன்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். எனக்குச் சுருக்கென்றது. கொடுத்ததைத் திருப்பி எடுக்கிறாளே, பணம் கைக்கு வந்ததும் புத்தி மாறிவிட்டதே என்று உள்ளுக்குள் கொதித்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு நான் போகவில்லை. தலைவலி என்று படுத்துக்கொண்டேன். பள்ளி வேன் டிரைவர் அண்ணன்தான் அவளையும் பெட்டிகளையும் கொண்டு போய் ஏற்றிவிட்டார்.

முதலில் இரண்டு மூன்று தடவை போன் வந்தது. "நல்லா இருக்கீங்களா மிஸ்? அம்மா நல்லா இருக்காங்களா?" நானும் அதே மாதிரி ஒட்டாமல் பதில் சொன்னேன். பிறகு நின்றுபோனது. ஐந்து வருடம் ஆகிவிட்டது. அந்த அறையில் வேறு யாரையும் நான் சேர்த்துக்கொள்ளவில்லை, முழு வாடகையையும் நானே கொடுக்கிறேன். ஏன் என்று கேட்டால் சொல்ல எனக்குத் தெரியாது.

போன ஆடியில் வேன் டிரைவர் அண்ணன் மொய் விருந்து வைத்தார். வேன் சொந்தமாக வாங்கப் போகிறாராம். பள்ளியில் எல்லாருக்கும் பத்திரிகை கொடுத்தார். இந்தத் தடவை தூக்கத்தை விட்டுவிட்டுப் போனேன். அவள் சொன்னது நிஜம்தான், கறி நன்றாக இருந்தது. சாப்பிட்டுவிட்டு மொய் எழுதும் இடத்தில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் வேட்டி கட்டிய ஒரு பெரியவர் பணத்தை வைத்தார். நோட்டு எழுதுகிறவர் எண்ணிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"பழசு சரியா இருக்குங்க. புதுசு?"

"அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பக்கத்தில் நின்ற டிரைவர் அண்ணனின் முகம் தொங்கிவிட்டது.

"ஏண்ணே, குடுக்க வேண்டியதைச் சரியாத்தானே குடுத்தாரு?" என்று கேட்டேன்.

"சரியாக் குடுத்துட்டாருங்க மிஸ். அதான் வெசயமே. பழசோட புதுசாக் கொஞ்சம் சேத்து வெச்சாத்தான் நாளைக்கு நானும் அவரு வீட்டுக்குப் போகணும். சரியா வெச்சா, கணக்கு முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம். இனிமே அவரு இங்கிட்டு வரவேணாம், நானும் அங்கிட்டுப் போகவேணாம்." பிறகு அவராகவே சொன்னார். "நம்ம பயாலஜி மிஸ் இருந்தாங்கள்ல. அவங்க புதுசு வெச்சதெல்லாம் தெண்டம் மிஸ். ஒத்தப் பொம்பள, என்னைக்கு விருந்து வெச்சுத் திருப்பி வாங்கப் போறாங்க? அவங்க மாமா எங்கிட்டயே சொல்லிச் சடைச்சுக்கிட்டாரு. ஆனாலும் வெச்சாங்க. ஆளு வேணும்ல."

என் முறை வந்தது. எவ்வளவு வைத்தேன், என்ன எழுதச் சொன்னேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. நாலு பணியாரமும், அட்டை மாத்திரையும், பஸ் ஸ்டாண்ட் டீயும் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. அவள் அந்த உறையை விரித்து உள்ளே எதைத் தேடினாள் என்று ஐந்து வருடம் கழித்து அந்தப் பந்தலில் நின்றுகொண்டு எனக்கு விளங்கியது. ஒரு நூறு ரூபாய்த் தாள் கூட இருந்திருந்தால் போதும். அந்தப் பெட்டி என் கட்டில் ஓரத்திலேயே இருந்திருக்கும். அவள் என்னோடு கொடுத்து வாங்கி உறவாக இருந்தாள், நான் அவளிடம் கணக்கு முடித்து அனுப்பிவிட்டேன். பாவி, கூடவும் இருக்காது என்று வாயால் வேறு சொன்னேன்.

அறைக்கு வந்ததும் போனில் அவள் பழைய நம்பரைத் தேடினேன். பணம் அனுப்பும் இடத்தில் அவள் பெயர் முழுதாக வந்து நின்றது. நாலு வருடம் நான் கூப்பிடாத பெயர். ஆயிரத்து ஒரு ரூபாய் போட்டு, "பயாலஜி மிஸ்ஸுக்கு, அன்னிக்கு வெக்க மறந்த புது மொய்" என்று எழுதி அனுப்பினேன். போனது.

ஒரு வாரம் ஒன்றுமில்லை. நான் வகுப்பில் இருந்தாலும் போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். பிள்ளைகள்கூட என்ன மிஸ் என்று கேட்டுவிட்டார்கள். ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மில் ஓடவில்லை, டம்ளர் வைத்த இடத்தில் இருந்தது. டேங்க் தண்ணீரைக் குடத்தில் பிடித்துக்கொண்டிருந்தபோது போன் ஒலித்தது. அவளிடமிருந்து பணம் வந்திருந்தது, கூடவே நாலு வரி.

"நல்லா இருக்கேன் மிஸ். படிப்புக் காசு பூராவும் படிப்பே கட்டிருச்சு. போன வருசத்தோட நோட்டை முடிச்சிட்டேன், எல்லாருக்கும் சரியாக் குடுத்தாச்சு. இனிமே யாருக்கும் புதுசா எழுதறதில்லைன்னு இருக்கேன்."

குடம் நிரம்பி வழிவதைக்கூடக் கவனிக்காமல் எத்தனை ரூபாய் என்று பார்த்தேன். ஆயிரத்து ஒன்று. இன்னொரு தடவையும் பார்த்தேன். சரியாக இருந்தது.